ஊரிழந்தவரின் ஊர்: செஸ்லாவ் மிலோஷின் எழுத்தில் மண்ணும் விண்ணும்

இம்மை வாழ்வு ஒரு பயணம். நம் மெய்யான இல்லம் விண்ணகமே. இவ்வுண்மையை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுவிடுகிறோம். எபிரேயர் திருமுகமும் பேதுருவின் முதல் திருமுகமும் நம்மை இவ்வுலகின் அந்நியராகவே காட்டுகின்றன. தவக்கால மறையுரைகளில் இதனைக் கேட்கிறோம். அடக்கத் திருப்பலியில் இதனால் ஆறுதல் அடைகிறோம். எனினும், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இவ்வுண்மை வேறுவேறு பொருள் கொள்கிறது. பிறந்த ஊரில், பங்குக் கோவிலின் மணியோசை எட்டும் தொலைவில், உற்றார் உறவினர் சூழ வாழும் ஒருவர், எல்லாரும் வழிப்போக்கரே என்று சொல்லிவிடலாம். நாடிழந்து, தம் பெயரையே பிறர் ஒழுங்காக உச்சரிக்க இயலாத இடத்தில் வாழும் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், அது மருந்தாகலாம். காயத்தின்மேல் வைத்த கல்லாகவும் ஆகலாம்.

எனவே ஒரு வினா எழுகிறது. பிறந்த மண்ணின்மேல் மனிதன் கொள்ளும் பற்று, விண்ணக நம்பிக்கைக்குப் பகையா? ஊருக்காக ஏங்குவது ஆன்மிகக் குறைபாடா? இவ்வினாவை நூலறிவால் அன்றி வாழ்வால் எதிர்கொண்ட கத்தோலிக்க எழுத்தாளர்கள் சிலரே. அவருள் முதன்மையானவர் போலந்து மொழிக் கவிஞர் செஸ்லாவ் மிலோஷ் (1911-2004). 1980இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் அவர் பெயரை நம்மவர் பலர் அறிவர். ஆயின் அவருடைய எழுத்தின் உயிர்நிலையாக அமைந்த இந்தத் தேடலை நாம் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடுகள் கடந்த வாழ்வு

மிலோஷ் 1911ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், லித்துவேனியாவில் நியெவியாஜா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள செட்டெய்னியே என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று அப்பகுதி உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. சுற்றியிருந்த உழவர்களின் மொழி லித்துவேனியம். அவருடைய குடும்பத்தின் மொழியோ போலிஷ். ஆக, பிறந்த இடத்திலேயே அவர் ஒரு சிறுபான்மையினர். தந்தை பொறியாளர். முதல் உலகப்போரில் உருசியப் படைக்காகப் பாலங்களும் சாலைகளும் அமைக்கும் பணி அவருக்கு வாய்த்ததால், சிறுவன் மிலோஷின் முதல் நினைவுகளில் பல, இடம்விட்டு இடம் நகர்ந்த பயணங்களே.

பின்னர் வில்னோ நகரில் பள்ளிக் கல்வியும் சட்டக் கல்வியும் பயின்றார். அந்நகரின் வரலாறே இடம்பெயர்ந்தோர் வரலாறு போன்றது. நகர் நின்ற இடத்திலேயே நின்றது; நாடுகள் அதன்மேல் மாறிமாறி வந்து சென்றன. உருசியர், போலந்து நாட்டினர், லித்துவேனியர், செருமானியர், சோவியத் ஆட்சியினர் என ஒரே நூற்றாண்டில் அதை ஆண்டவர் பலர். இன்று அது வில்னியுஸ் என்னும் பெயருடன் லித்துவேனியாவின் தலைநகராக விளங்குகிறது. 'விடியல் வாயில்' அன்னையின் திருவுருவம் அந்நகரின் பழைய கோட்டை வாயிலின்மேல் இன்றும் அன்பர்களின் வணக்கத்தைப் பெறுகிறது.

1940இல் மிலோஷ் வார்சா சென்றார். நாசி ஆக்கிரமிப்பின் கொடுமையை அங்கு நேரில் கண்டார். 1943இல் வார்சாவின் யூதர் சேரி எரிந்தபோது, மதிலுக்கு இப்பால் வாழ்க்கை வழக்கம்போல் நடந்ததை வைத்து அவர் எழுதிய கவிதை, உலக மனச்சான்றின்முன் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகையாக இன்றும் நிற்கிறது. யூதர்களுக்கு உதவியமைக்காக 1989இல் இசுரயேல் நாட்டின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை 'நாடுகளிடை நேர்மையாளர்' எனப் போற்றியது.

போருக்குப்பின் போலந்தின் புதிய அரசு அவரைத் தூதரகப் பணியில் அமர்த்தி நியூயார்க், வாஷிங்டன், பாரிஸ் நகரங்களுக்கு அனுப்பியது. பொதுவுடைமை அரசின் போக்கை அவரால் ஏற்க இயலவில்லை. 1951ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பாரிசில் அரசியல் புகலிடம் கேட்டார். அன்றிலிருந்து அவருடைய நூல்கள் தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவில் இருந்த மனைவி மக்களிடம் செல்ல அந்நாடு அவருக்கு நுழைவிசைவு தரவில்லை. 1953இல் அவர்கள் பிரான்சுக்கு வந்த பின்னரே குடும்பம் ஒன்றுகூடியது. 1960இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அவரை ஸ்லாவிய இலக்கிய ஆசிரியராக அழைத்தது. 1970இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1993 முதல் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழத் தொடங்கி, 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அங்கேயே இறந்தார். லித்துவேனியா, உருசியா, போலந்து, பிரான்சு, அமெரிக்கா என நீண்ட இந்த வாழ்வில், 'இது என் ஊர்' என்று அவர் ஐயமின்றிச் சொல்லக்கூடிய இடம் எது?

இழப்பை ஆராயும் துணிவு

அயல்நாட்டில் வாழ்வோரின் எழுத்தில் இருவகைக் குறைகள் காணப்படுவதுண்டு. ஒன்று, விட்டுவந்த ஊரைப் பொற்காலமாக்கிப் பாடும் மிகை. மற்றொன்று, புதிய நாட்டில் அனைத்தும் நலமே என்று காட்டிக்கொள்ளும் பாசாங்கு. இவ்விரண்டிலிருந்தும் மிலோஷைக் காத்தது அவருடைய தன்னாய்வு.

1976இல் வெளிவந்த 'நாடுகடந்த வாழ்வு பற்றிய குறிப்புகள்' என்னும் கட்டுரையில், அயலகம் சென்ற எழுத்தாளனைத் தொடக்கத்தில் பற்றும் மனமுறிவை அவர் கூறுபடுத்திக் காட்டுகிறார். அதற்குக் காரணம் மூன்று என்பது அவர் கருத்து. தன் பெயரை இழத்தல் முதலாவது. நேற்றுவரை ஊரார் அறிந்திருந்த ஒருவன் இன்று எவருக்கும் ஒரு பொருட்டில்லை. தோல்வி பற்றிய அச்சம் இரண்டாவது. துன்புறும் தன் மக்களைவிட்டு வந்துவிட்டோமே என்னும் மனச்சான்றின் வதை மூன்றாவது. இம்மனமுறிவுக்குப் புறச்சூழலைவிடத் தன் உள்ளத்தின் குறைகளே பெரிதும் பொறுப்பு என்று அவர் கூறுவது நம் கவனத்திற்குரியது. ஊரில் இருந்தபோது கிடைத்த புகழும் இடமும் நம் ஆளுமையின் பகுதிகள் என்று நாம் எண்ணியிருந்தோம். அவை ஊர் நமக்குப் போர்த்திய ஆடைகளே என்பதை அயல்நாடு காட்டிவிடுகிறது. இங்கே ஓர் ஒப்புரவு ஆய்வின் கண்டிப்பைக் காண்கிறோம்.

அக்கட்டுரையின் மற்றொரு கருத்தும் ஆழமானது. மனிதக் கற்பனை எப்போதும் ஓரிடத்தை நடுவாகக் கொண்டே திசைகளை அறிகிறது. அந்த நடுவிடம் பெரும்பாலும் இளமையில் வாழ்ந்த சிற்றூரே. எத்தனை நாடுகள் சென்றாலும் கிழக்கும் மேற்கும் அங்கிருந்தே அளக்கப்படுகின்றன. இது வெறும் ஏக்கம் அன்று. மனித மனத்தின் அமைப்பு. அன்புக்கு அடையாளம் வேண்டும். அடையாளத்திற்கு இடம் வேண்டும்.

இதே கருத்தைச் சிமோன் வெய் என்னும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வேறு வகையில் கூறியிருந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவை ஆழ்ந்து அன்பு செய்த அவரும் ஊரிழந்தவரே. பாரிசை விட்டு மர்செய், நியூயார்க், இலண்டன் என அலைந்து 1943இல் இறந்தார். வேரூன்றுதல் மனித ஆன்மாவின் இன்றியமையாத தேவைகளுள் ஒன்று என்பதே அவர் இறுதியாக எழுதிய பெருநூலின் சாரம். அவருடைய எழுத்துகளைத் தெரிந்தெடுத்து 1958இல் போலிஷ் மொழியில் தந்தவர் மிலோஷ் என்பது தற்செயல் அன்று. வேரைப் பற்றிய நூல்களை வேரிழந்தவர் இருவர் கைமாற்றிக்கொண்டனர் எனலாம்.

பேய்களும் உலவும் பள்ளத்தாக்கு

பிரான்சில் வாழ்ந்த ஆண்டுகளில் மிலோஷ் எழுதிய புதினம் 'இஸா பள்ளத்தாக்கு' (1955). நியெவியாஜா ஆற்றுக்கு இஸா என்று வேறு பெயர் சூட்டித் தம் குழந்தைப் பருவத்தின் நாட்டுப்புறத்தை அதில் அவர் மீட்டெடுத்தார். தோமாஸ் என்னும் சிறுவன் தாத்தா பாட்டியின் வீட்டில் வளர்கிறான். செடிகொடிகளும் பறவைகளும் அவனுடைய பாடநூல்கள். பங்குக் குருக்கள், வேட்டைக்காரர், உழவர், காட்டுக் காவலர் என மனிதர் பலர் வந்துபோகின்றனர்.

விட்டுவந்த ஊரைப் பற்றிய நூல் என்றதும் இனிப்பை எதிர்பார்ப்போம். ஆயின் இந்நூலின் பள்ளத்தாக்கில் பேய்களும் உலவுகின்றன. பங்குக் குருவின்மேல் கொண்ட தகாத காதலால் தன்னை மாய்த்துக்கொண்ட ஒரு பெண்ணின் துயரம் ஊரையே அலைக்கழிக்கிறது. ஒருவனைக் கொன்ற குற்றவுணர்வு காட்டுக் காவலனை உள்ளிருந்து தின்கிறது. சிறுவன் தோமாசே ஓர் அணிலைச் சுட்டுக் கொன்று, அதன் சாவைக் கண்டு கலங்குகிறான். இன்பமும் பாவமும் ஒரே மண்ணில் முளைக்கின்றன. ஊரை அன்பு செய்வது என்றால் அதன் குற்றங்களை மறப்பது அன்று என்பதை இந்நூல் உணர்த்துகிறது. தொலைவில் இருந்து எழுதும்போதும் மிலோஷ் தம் ஊரை ஏதேன் தோட்டமாக்கவில்லை; வீழ்ச்சிக்குப் பிந்திய, எனினும் படைத்தவரின் கைவண்ணம் மறையாத உலகமாகவே காட்டினார். கத்தோலிக்கப் பார்வை என்று இதனைச் சொல்வதில் தவறில்லை.

நூலின் முடிவில் தாய் வந்து அழைக்க, சிறுவன் வண்டியேறி அப்பள்ளத்தாக்கை விட்டுப் போகிறான். அந்தப் புறப்பாட்டிலிருந்தே மிலோஷின் எஞ்சிய எழுத்தெல்லாம் தொடங்குகின்றது எனலாம்.

மொழியைக் கைவிடாமை

பெர்க்லியில் அவர் வகுப்பில் பேசியது ஆங்கிலம். பிரான்சில் பேசியது பிரெஞ்சு. எனினும் கவிதையை இறுதிவரை போலிஷ் மொழியிலேயே எழுதினார். அது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மொழியைப் படிக்கக்கூடியோர் பெரும்பாலும் வாழ்ந்த நாட்டில் அவர் நூல்களுக்குத் தடை. அவர் வாழ்ந்த நாட்டிலோ அம்மொழியை அறிந்தோர் மிகச் சிலர். அவர் நூல்களை வெளியிட்டுக் காத்தது, பாரிசுக்கு அருகில் இயங்கிய 'குல்தூரா' என்னும் புலம்பெயர்ந்தோர் இதழும் அதன் பதிப்பகமுமே. கேட்பார் இன்றிப் பேசுவது போன்ற அந்நிலையைத் தம் தாய்மொழியை நோக்கி எழுதிய ஒரு கவிதையில் அவரே மனம் நொந்து வெளிப்படுத்தினார்.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவ்விடத்தில் வேறொருவர் நினைவுக்கு வருவது இயல்பு. 1680இல் இத்தாலியில் பிறந்து, நம்மிடையே வாழ்ந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர், வந்த மண்ணின் மொழியைத் தமதாக்கிக்கொண்டு அதிலேயே காப்பியம் செய்தார். தேம்பாவணியில் திருக்குடும்பத்தின் எகிப்துப் பயணத்தையும் அங்கு அவர்கள் வாழ்ந்த நாள்களையும் விரிவாகப் பாடியவரும் தம் நாட்டைவிட்டு வந்தவரே. அவர் செய்ததற்கு நேர்மாறாக மிலோஷ் பழைய மொழியையே பற்றிக்கொண்டார். இருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. முனிவர் அனுப்பப்பட்டவர், தாமே விரும்பி வந்தவர். மிலோஷ் துரத்தப்பட்டவர். கொடுப்பதற்காக வந்தவர் புதிய மொழியைக் கற்றார். அனைத்தும் பறிக்கப்பட்டவர் பறிக்க இயலாத ஒன்றைக் காத்தார். விருந்தினனுக்கும் அகதிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நீதியாகாது.

திருப்பாடல்களில் கட்டிய வீடு

மிலோஷின் வாழ்வில் நம்மை மிகவும் நெகிழவைக்கும் பணி அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு. அறுபது வயதைக் கடந்தபின் அவர் எபிரேய மொழியைப் பயின்றார். பாரிசில் பணியாற்றிய பல்லோட்டின் சபைக் குருவானவர் யூசெஃப் சாஜிக்கின் ஊக்கமும் துணையும் அவருக்கு இருந்தன. 1979இல் அவர் மொழிபெயர்த்த திருப்பாடல் நூல் பாரிசில் வெளிவந்தது; 1980இல் யோபு நூல்; பின்னர் மாற்கு நற்செய்தியும் புலம்பல், ரூத்து முதலிய நூல்களும். போலந்தின் பெருங்கவிஞர் கோஹனோவ்ஸ்கி திருப்பாடல்களைச் செய்யுளாகப் பாடி வெளியிட்டது 1579இல். சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஊரில் இருந்து மற்றொரு கவிஞர் அதே பணியை மேற்கொண்டார்.

இம்முயற்சிக்கு ஓர் இலக்கியக் காரணம் உண்டு. புதிய மொழிபெயர்ப்புகள் இறைவாக்கை நாள்தாளின் நடைக்கு இறக்கிவிட்டன என்பது அவருடைய குறை. இறைவனிடம் பேசும் மொழிக்கு ஒரு மாண்பும் ஓசையும் வேண்டும் என்று கருதிய அவர், இடைக்காலப் போலிஷ் திருப்பாடல் ஏடுகளின் நடையைத் தேடிச் சென்றார். பழைய மொழிபெயர்ப்பில் செபித்துப் பழகிய நம் முதியோர் இந்த ஏக்கத்தை எளிதில் உணர்வர்.

ஆயின் இலக்கியக் காரணத்திற்கு அப்பாலும் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அயலக வாழ்வின் முதல் துயரம் பெயரிழத்தல் என்று மிலோஷ் எழுதியதைக் கண்டோம். திருப்பாடல்களை மொழிபெயர்ப்பவன் தன் பெயருக்காக உழைப்பதில்லை. அங்குப் பேசும் 'நான்' கவிஞனின் 'நான்' அன்று. தாவீதின் பெயரால் பாடிய எல்லாருடைய 'நான்', பாபிலோனின் ஆற்றோரம் அமர்ந்து அழுத மக்களின் 'நான்', இன்று கோவிலில் முழந்தாளிடும் பாட்டியின் 'நான்'. பெயரிழந்த துயரத்திற்கு அவர் கண்ட மருந்து, பெயரை மீட்பது அன்று. பெயர் தேவைப்படாத ஒரு குரலுக்குள் நுழைவது. நாட்டை நெருங்க இயலாத ஒருவர், அந்நாட்டு மக்களின் செபத்தை நெருங்கினார்.

அதற்குக் கிடைத்த மறுமொழி வியப்பானது. 1970 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட கப்பல்கட்டும் தொழிலாளர்களுக்காகக் கிதான்ஸ்க் நகரில் பெரும் சிலுவைகளைக் கொண்ட நினைவுச் சின்னம் 1980 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதில் மிலோஷின் கவிதைப் பகுதி ஒன்றும், அவர் மொழிபெயர்த்த 29ஆம் திருப்பாடலின் இறுதி அடியும் பொறிக்கப்பட்டன. கலிபோர்னியாவின் குன்றொன்றில் தனியே அமர்ந்து, எவர் படிப்பார் என்று அறியாமல் அவர் தேர்ந்த சொற்கள், அவர் பெயரை அச்சிடவே நெடுங்காலம் தடைசெய்திருந்த நாட்டில், தொழிலாளர் கூடும் சதுக்கத்தில் நின்றன.

யாவும் மீட்கப்படும் நாள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மண்ணின்மேல் கொண்ட பற்றும் விண்ணக நம்பிக்கையும் பகையா?

1974இல் வெளிவந்த 'சூரியன் எழும் திசையிலிருந்து' என்னும் நெடுங்கவிதையில் மிலோஷ் இதற்கு விடை தேடுகிறார். அதன் இறுதிப் பகுதியில், வில்னோவில் மாணவராய்த் தங்கியிருந்த வீட்டில் பணிபுரிந்த முதியவள் ஒருத்தியை நினைவுகூர்கிறார். குளிர்காலத்து இருள் விலகாத காலையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு திருப்பலிக்குச் செல்லும் ஏழைப் பெண். வரலாற்றில் அவளுக்கு இடமில்லை. அவளை நினைக்கவும் எவரும் இல்லை. ஆயின் கவிஞர் அவளை விடுவதாக இல்லை. கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் கையாண்ட 'அபொகதாஸ்தாசிஸ்' என்னும் சொல்லை அவர் அங்கே எடுத்தாளுகிறார். யாவும் சீர்ப்படுத்தப்படும் காலம் என்று திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் பேதுரு தம் உரையில் குறிப்பிடுவதும் இச்சொல்லாலேயே. இழந்த ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு நொடியும் இறைவனிடத்தில் மீண்டும் தம் முழுமையுடன் நிற்கும் என்பதே கவிஞரின் நம்பிக்கை.

இச்சொல்லைப் பற்றிச் சிறு எச்சரிக்கை தேவை. ஒரிஜன் பெயரோடு இணைத்து வழங்கிய, எவரும் விடுபடாமல் இறுதியில் அனைவரும் மீட்கப்பட்டேயாவர் என்னும் போதனையைத் திருச்சபை ஏற்கவில்லை. மிலோஷ் இறையியல் கோட்பாடு ஒன்றை நிறுவ முயன்றார் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. அன்பு செய்தது எதுவும் வீணாகாது என்ற ஏக்கத்திற்கு அவர் கண்ட சொல் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு (1965), தன் 39ஆம் பத்தியில், இவ்வுலகில் மனித உழைப்பும் உறவும் விளைவித்த நற்கனிகளை மாசகற்றப்பட்டவையாய் மீண்டும் காண்போம் என்ற கருத்தைக் கூறுகிறது. இவ்வொளியில் நோக்கினால் கவிஞரின் ஏக்கம் கத்தோலிக்க நம்பிக்கைக்குப் புறம்பானது அன்று.

இங்கேதான் மிலோஷ் நமக்குச் செய்யும் தொண்டு விளங்குகிறது. விண்ணகத்தை எண்ணி மண்ணை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. மண்ணே போதும், விண்ணகம் எதற்கு என்றும் சொல்லவில்லை. அந்த ஆறும் அந்தத் தெருவும் அந்த முதியவளும் மீளாத விண்ணகம் தமக்கு வீடாகாது என்று அவர் உணர்ந்தார். ஊருக்கான ஏக்கமே அவருக்கு உயிர்ப்பின்மீது கொண்ட பசியாயிற்று. உடலின் உயிர்ப்பை நம்புவோர்க்கு இது அந்நியமான கருத்து ஆகுமா? உயிர்த்த ஆண்டவர் காயங்களோடு வந்தார். கலிலேயாவுக்கே திரும்பிச் சென்றார்.

குறைகள் சில

திறனாய்வு என்பது புகழுரை மட்டும் ஆகாது. மிலோஷின் எழுத்தில் குறையும் உண்டு. கலிபோர்னியா பற்றி அவர் எழுதிய 'சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் காட்சிகள்' (1969) என்னும் கட்டுரை நூலில், அந்நிலத்தின் மலைகளும் கடலும் மனிதனைப் பொருட்படுத்தாத பேருருவங்களாய்த் தோன்றுகின்றன. கருத்துகள் கூர்மையானவை. ஆயின் வில்னோவின் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த அன்பான முகம், பெர்க்லியில் அவருக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்தவர்க்கு அந்நூலில் கிடைப்பதில்லை. இழந்தோரை அவ்வளவு துல்லியமாய்க் காணும் கண், அருகிருப்போரைச் சற்றே மங்கலாய்க் காண்கிறது. பல நாடுகளில் வாழ்வோர்க்கு நேரும் பொதுச் சோதனை இது. எங்கோ உள்ள ஊருக்கு உண்மையாய் இருக்க முயன்று, காலூன்றி நிற்கும் ஊரில் அயலானுக்கு அயலாராகவே இருந்துவிடுவது எளிது. பிற்காலத்தில் அமெரிக்கக் கவிஞர்களுடன் அமர்ந்து தம் கவிதைகளை ஆங்கிலமாக்கியபோது அவர் இச்சுவரை ஓரளவு கடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம்பிக்கையிலும் அவர் அமைதி கண்டவர் அல்லர். ஐயமும் மன்றாட்டும் அவரிடம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. தொண்ணூறு வயதில் எழுதிய 'இறையியல் ஆய்வுரை' (2002) என்னும் கவிதைத் தொடரில், எளிய மக்களின் பக்திக்கும் தம் அறிவின் ஐயத்திற்கும் இடையே நின்று தடுமாறுகிறார். இறுதியில் லூர்துவிலும் பாத்திமாவிலும் காட்சி தந்த அன்னையிடம் வந்து நிற்கிறார். அறிஞர்க்கென்று தனி வாயில் தேடியவர், சிறுவர்க்குத் திறந்த வாயிலின்முன் வந்து சேர்ந்தது சிந்தனைக்குரியது.

ஸ்கால்காவில் ஓர் இடம்

1992இல், ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், மிலோஷ் லித்துவேனியா சென்றார். பிறந்த பண்ணைவீடு அங்கில்லை. ஆறு இருந்தது. அப்பயணத்தின் கவிதைகள் 'ஆற்றங்கரையில்' (1994) என்னும் தொகுப்பில் உள்ளன. அவற்றில் கசப்பு குறைவு, நன்றியே மிகுதி.

2004இல் அவர் இறந்தபோது, கிராக்கோவில் ஸ்கால்கா என்னும் திருத்தலத்தின் நிலவறையில் அவரை அடக்கம் செய்ய முடிவாயிற்று. புனித ஸ்தனிஸ்லாஸ் மறைச்சாட்சியாய் உயிர்நீத்ததாக மரபு போற்றும் இடம் அது. நாட்டின் பெருமக்கள் சிலர் துயிலும் இடமும் ஆகும். உடனே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவர் உண்மையான போலந்து நாட்டவர் அல்லர் என்றனர் சிலர். நல்ல கத்தோலிக்கர் அல்லர் என்றனர் வேறு சிலர். வாழ்நாளெல்லாம் 'நான் எவ்விடத்தவன்' என்று தேடிய மனிதரின் உடலுக்கும் இடமில்லை என்று சொல்ல ஆள்கள் இருந்தனர். அவர் இறப்பதற்குச் சில திங்கள்முன், தம் எழுத்தில் கத்தோலிக்க நம்பிக்கையினின்று விலகாதிருக்க முயன்றதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு மடல்வழித் தெரிவித்திருந்தார். இறுதிச் சடங்குக்குத் திருத்தந்தை அனுப்பிய செய்தி அம்மடலை நினைவுகூர்ந்து, அவருக்காகச் சான்று பகர்ந்தது. ஆகஸ்டு 27ஆம் நாள் திருப்பலிக்குப்பின் அவர் ஸ்கால்காவில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தத் திருத்தந்தையும் தம் ஊரைவிட்டு வந்து, அயல்நகரில் வாழ்ந்து, தாய்மொழியில் கவிதை எழுதிய ஒரு போலந்து நாட்டவரே.

இந்நிகழ்ச்சி நம்மை நோக்கியும் ஒரு வினா விடுக்கிறது. இன்று நம் குடும்பங்களிலும் வளைகுடா நாடுகளிலோ ஐரோப்பாவிலோ வாழ்வோர் உளர். வேறு மாநிலங்களிலிருந்து வேலைக்காக வந்து நம் கோவில்களின் பின்வரிசையில் மொழி புரியாமல் நிற்போரும் உளர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952இல் வெளியிட்ட திருத்தூது மடல், எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தைப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் முன்மாதிரியாக நிறுத்தியது. அவர்களுடைய மொழி அறிந்த குருக்களே அவர்களுக்கு ஆன்மிகப் பணியாற்ற வழிசெய்தது. ஊருக்கான ஏக்கத்தை அம்மடல் பலவீனமாகக் கருதவில்லை. ஆதரிக்க வேண்டிய தேவையாகவே கருதியது.

மிலோஷின் நூல்கள் கற்பிப்பதும் இதுவே. ஊரிழந்தவரிடம் விண்ணகத்தை நினைவூட்டுமுன், அவர் இழந்த ஆற்றின் பெயரைக் கேட்பது நலம். அவர் எம்மொழியில் அழுகிறாரோ அம்மொழியில் ஒரு திருப்பாடலைப் பாட இடம்தருவது நலம். மண்ணில் ஓரிடத்தை ஆழ்ந்து அன்பு செய்யத் தெரியாதவர், காணாத நகரை அன்பு செய்வது எங்ஙனம்? விண்ணகத்தை வீடு என்று நாம் அழைப்பதே, வீடு என்றால் என்னவென்று இம்மண்ணில் நாம் ஒருமுறையேனும் அறிந்திருப்பதால்தான்.